ஓடுவது நாயின் இயல்பு. கொல்வது எவரது இயல்பு?

"நாய் ஓடுகிறது. ஓடுவது அதன் இயல்பு. இதிலே கொடுமை எங்கே இருக்கிறது?" நாயோட்டப் பந்தயத்தால் இலாபம் காண்போர் எந்நாட்டிலும் எடுத்துரைக்கும் வாதம் இது. இதனை நாம் உடனே மறுக்கப் போவதில்லை. இவ்வாதம் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போம்.

கிறேஹவுண்ட் என்னும் நாய் மோப்பத்தாலன்றிப் பார்வையால் வேட்டையாடுவது. அசையும் சிறு பொருளைக் கண்டதும் பாய்வது அதன் இயல்பூக்கம். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட வல்லது. 1919இல் ஓவன் பற்றிக் சிமித் என்ற அமெரிக்கர், இயந்திரத்தால் ஓடும் பொய் முயலைக் கொண்டு கலிபோர்னியாவிலே பந்தயத் திடலொன்றைத் திறந்தார். 1926இல் அம்முயல் மாஞ்செஸ்டரின் பெல் வூ திடலிலும் ஓடத் தொடங்கியது. நாயின் இயல்பூக்கம் மனிதனின் மூலதனமாயிற்று.

இயல்பே போதுமெனில், 2015 பெப்ரவரியில் அவுஸ்திரேலியத் தேசியத் தொலைக்காட்சி அம்பலப்படுத்திய பயிற்சி எதற்காக? பன்றிக்குட்டிகளும் முயல்களும் பொசம் என்னும் மரவாழ் விலங்குகளும் உயிரோடு இயந்திர இழுவையிற் கட்டப்பட்டு நாய்களாற் குதறப்பட்டன. சட்டம் நெடுங்காலமாகத் தடைசெய்திருந்த செயல் இது. உயிருள்ள இரையைக் கடித்த நாய் வெறிகொண்டு ஓடும் என்பது அப்பயிற்றுநரின் நம்பிக்கை. இயல்பு தானாக ஓடுமெனில் இந்த இரத்தம் வேண்டியதில்லை. இரத்தம் வேண்டுமெனில் அங்கே ஓடுவது இயல்பு மட்டுமன்று. எட்டு நாய்கள் ஒரே வளைவில் நெருக்குண்டு மோதிக் காலெலும்பு முறிவதும் இயல்பன்று. அது திடலின் அமைப்பு.

துரத்த விரும்பாத நாய்க்கும் ஓர் இயல்பு உண்டல்லவா? அதனை மதித்தோர் யார்? நியூ சவுத் வேல்ஸ் அரசு நியமித்த மைக்கல் மக்ஹியூ ஆணைக்குழு 2016இல் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டுவோம். 12 ஆண்டுகளில் அம்மாநிலத்திலே பந்தயத்துக்கென வளர்க்கப்பட்ட நாய்கள் 97,783. போட்டிக்கு உதவாதவை எனக் கொல்லப்பட்டவை 48,891க்கும் 68,448க்கும் இடைப்பட்ட தொகை. இலாபம் தராத இயல்புக்கு இதுவே தீர்ப்பு!

"இது ஏழை உழைப்பாளியின் விளையாட்டு" என்பது அடுத்த வாதம். 2016 யூலையில் மாநில முதல்வர் மைக் பெயர்ட் அறிவித்த தடையை அங்குள்ள தொழிற்கட்சியே எதிர்த்தது. ஒக்டோபரில் முதல்வரும் பின்வாங்கினார். உழைப்பாளியின் பெயர் கேட்டவுடன் வாயடைத்துப் போக நாம் ஆயத்தமாக இல்லை. நாய் வளர்த்துப் பிழைக்கும் சிறியவனின் வயிற்றுப்பாடு உண்மையானது. அவனுக்கு மாற்றுத் தொழில் காட்டுவது அரசின் கடன். ஆனால் வாரக்கூலியைப் பந்தயக்காரனிடம் தோற்று வீடு திரும்பும் தொழிலாளிக்கு இவ்விளையாட்டில் எந்தப் பங்கும் இல்லை. நாயின் எலும்பும் அவனது கூலியும் ஒரே பெட்டியை நிரப்புகின்றன.

மாற்றம் இயலாததுமன்று. புளோரிடா மக்கள் 2018இல் 69 வீத வாக்குகளால் இப்பந்தயத்தை நிராகரித்தனர். 2020 இறுதியோடு அங்கே திடல்கள் ஓய்ந்தன.

நாய் ஓடட்டும், அதன் இயல்புக்கு நாம் பகைவர் அல்லோம். அந்த ஓட்டத்துக்கு விலை குறித்து, தோற்றதைக் கொன்று, அதனையும் இயற்கை என்று அழைக்கும் வாணிபத்துக்கே நாம் பகைவர். உயிரொன்றின் இயல்பைச் சுரண்டுவோர் அனைவரும் முதலில் அதன் புகழைத்தான் பாடுவர். அப்பாடலைக் கேட்கும்போதெல்லாம் நாம் விழித்துக்கொள்வோமாக.