இரட்சிக்கப்பட்டவர் பாவம் செய்தால்?

இயேசுவை ஏற்று இரட்சிக்கப்பட்டவர் மீண்டும் பாவம் செய்வாரா என்பது கிறிஸ்தவர்களிடையே பழைய வினா. செய்யக்கூடும் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். அதன் விளைவில்தான் வேறுபடுகின்றனர். 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபையினர், இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாவத்தில் வீழ்ந்தாலும் இறுதியில் இரட்சிப்பை இழக்கமாட்டார் என்றனர். கத்தோலிக்கரோ, சாவான பாவம் இறையருளை இழக்கச் செய்யும். மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தால் அது மீளும் என்கின்றனர்.

இதைக் கேட்டு நாம் நகைக்க இடமில்லை. பெரும்பாவி காஃபிர் என்றனர் காரிஜிய்யாக்கள். ஈமான் இருந்தால் பாவம் தீங்கிழைக்காது என்றனர் முர்ஜிஆக்களில் ஒரு சாரார். அஹ்லுஸ் சுன்னத் அறிஞர்கள் நடுவழியில் நின்றனர்: பாவத்தை ஆகுமானதாகக் கருதாதவரை பாவி ஈமானை விட்டு வெளியேறுவதில்லை, அவரை மன்னிப்பதும் தண்டிப்பதும் அல்லாஹ்வின் நாட்டம்.

இன்று நம் இல்லங்களில் நிலை என்ன? கலிமா சொன்னோம், எப்படியும் சொர்க்கம்தான் என்று வட்டியிலும் வரதட்சணையிலும் துணிந்து இறங்குகிறோம்; வழிதவறிய பிள்ளையையோ காஃபிர் என ஏசி ஒதுக்குகிறோம். நமக்கென்றால் முர்ஜிஆ, பிறருக்கென்றால் காரிஜிய்யா! இதனை மாற்றிக்கொள்வோம். நம் பாவத்திற்கு அஞ்சுவோம். பிள்ளைக்குத் தவ்பாவின் வாசலைக் காட்டுவோம். உயிர் தொண்டைக்குழியை அடையும்வரை அவ்வாசல் திறந்தே இருக்கிறது.