தவணை குறைந்தால் கடன் குறைந்ததா?

கடந்த சில மாதங்களாக எங்கள் கிளைகளுக்கு வரும் வீட்டுக் கடன் வாடிக்கையாளர்கள் பலர் ஒரே கேள்வியுடன் வருகின்றனர்: "கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாமா?" கேள்வி நியாயமானதே. 2022 மே மாதம் வரை 4.00 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி விகிதம், 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதமாக உயர்ந்தது. அது 2025 பிப்ரவரி முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் 5.50 சதவீதத்திற்கு வந்தது. விகிதம் ஏறியபோது உடனே ஏறிய வட்டி, இறங்கும்போது ஏன் தயங்குகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அண்மையில் அரசுப் பணியாளர் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் கடிதத்துடன் எங்கள் முன் அமர்ந்தார். அவர் கடன் எடுத்தது 20 ஆண்டுகளுக்கு. ஏழு ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் செலுத்தியிருந்தார். ஆயினும் இன்னும் 15 ஆண்டுகள் எஞ்சியிருந்தன. வட்டி ஏறிய காலத்தில் தவணைத் தொகை மாறாமல் காலம் மட்டும் நீண்டதை அவர் கவனிக்கவில்லை. நிலுவை 25 லட்சம் ரூபாய், வட்டி 9.25 சதவீதம், மாதத் தவணை ஏறத்தாழ 25,730 ரூபாய். புதிய நிறுவனம் 8.25 சதவீத வட்டியில் 21,300 ரூபாய்த் தவணை போதும் என்று எழுதியிருந்தது. மாதம் 4,400 ரூபாய்க்கு மேல் மிச்சம்! முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

கடிதத்தின் கீழ்ப்பகுதியில் கடன் காலம் 240 மாதங்கள் என்றிருந்தது. எஞ்சியிருந்த 180 மாதங்கள் மீண்டும் 20 ஆண்டுகளாகிவிட்டன. பழைய கடனிலேயே இருந்தால் அவர் இனிச் செலுத்த வேண்டியது சுமார் 46.3 லட்சம், புதிய திட்டத்தில் சுமார் 51.1 லட்சம். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும் அவர் ஏறத்தாழ 4.8 லட்சம் ரூபாய் கூடுதலாகச் செலுத்தியிருப்பார். ஓய்வு பெற்ற பின்னும் தவணை தொடர்ந்திருக்கும்.

அதே 8.25 சதவீதத்தில் பழைய தவணையான 25,730 ரூபாயையே தொடர்ந்து செலுத்தினால் என்ன ஆகும்? கடன் 161 மாதங்களில் முடியும். பத்தொன்பது மாதங்கள் முன்னதாகவே வீடு முழுமையாக அவருடையதாகும், ஏறத்தாழ 4.9 லட்சம் ரூபாய் மிச்சமாகும். வட்டி ஒன்று, கடன் தொகை ஒன்று, வீடும் ஒன்று. காலத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதில் மட்டுமே வேறுபாடு. எனவே புதிய வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எத்தனை மாதங்கள் என்று கேளுங்கள். தவணையைக் குறைத்தாக வேண்டிய நெருக்கடி குடும்பத்தில் இருந்தால் அது வேறு. அப்போதும் அதன் விலையை அறிந்தே குறைக்க வேண்டும்.

இடம் மாறுவதற்கு முன் சொந்த வங்கியின் கதவைத் தட்டுவதே முறை என்பது எங்கள் கருத்து. இதில் எங்களுக்குத் தன்னலம் உண்டு என்று நீங்கள் நினைக்கலாம், உண்டுதான். ஆனால் கணக்கும் அதையே சொல்கிறது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டவை. குறைந்தது மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும். அதற்கு முன் எடுத்த கடன்கள் பல இன்றும் எம்.சி.எல்.ஆர். முறையிலோ அதனினும் பழைய அடிப்படை வட்டி முறையிலோ கிடக்கின்றன. அவற்றை அதே வங்கியில் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ள ஒரு விண்ணப்பமும் சிறு நிர்வாகச் செலவும் போதும். இதை வங்கிகள் தாமாகவே வாடிக்கையாளரை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்லப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டியும், நெடுநாள் நாணயமாகச் செலுத்துபவருக்குக் கூடுதல் வட்டியும் என்பது நல்ல வணிகமன்று.

கேட்டும் பயனில்லை எனில் மாறுவதில் தவறில்லை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிக்க வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாதென 2012ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. எனினும் மாற்றம் இலவசமன்று. பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும் அடமான முத்திரைத் தீர்வை ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். கடனின் முற்பாதியில் இச்செலவு ஓராண்டுக்குள் திரும்பிவிடக்கூடும். கடைசி ஆண்டுகளில் கதை வேறு. நிலுவை 6 லட்சம், எஞ்சியது நான்கு ஆண்டுகள் எனில், மேற்சொன்ன ஒரு சதவீதக் குறைவால் மொத்த மிச்சம் சுமார் 13,600 ரூபாயே. அது கட்டணங்களுக்கே சரியாகிவிடும், அலைச்சல் தனி.

விளம்பரத்தில் காணும் வட்டி பெரும்பாலும் சிபில் மதிப்பெண் மிக உயர்ந்தவர்க்கானது. உங்கள் பெயரிட்ட எழுத்துப்பூர்வமான ஒப்புதல் கைக்கு வரும்வரை அதை நம்பிக் கணக்குப் போட வேண்டா. கடன் மாற்றத்துடன் கூடவே நீட்டப்படும் கூடுதல் கடனையும் எச்சரிக்கையுடன் பாருங்கள். வீட்டைப் பழுதுபார்க்கவோ பிள்ளையின் படிப்புக்கோ அது உதவும். ஒரு நாள் விருந்துக்கு வாங்கிய தொகைக்குப் பதினைந்து ஆண்டுகள் வட்டி கட்டுவோரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்த அரசுப் பணியாளர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எங்களிடமே வட்டிக் குறைப்புக்கு விண்ணப்பித்தார். முழு ஒரு சதவீதம் கிடைக்கவில்லை; முக்கால் சதவீதம் குறைந்தது. தவணைத் தொகையைக் குறைக்கவா என்று கேட்டோம். "வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும், மாதத்தைக் குறையுங்கள்" என்றார்.