ஙௌ எழுதிய பிறகா கதைப்புத்தகம்?

“முதலில் எழுத்தெல்லாம் தெரியட்டும், அப்புறம் கதைப்புத்தகம் கொடுக்கலாம்.” ஆசிரியர் இப்படிச் சொல்ல, பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். நியாயமாகத் தோன்றும் இந்த நம்பிக்கைதான் நம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை வாசிப்பின் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது.

எழுத்தெல்லாம் என்றால் எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆறு வயதுப் பிள்ளை ங வரிசையைச் சிலேட்டில் எழுதி எழுதி அழிக்கிறது. ஙீ, ஙூ, ஙௌ வரும் ஒரு சொல்லை அது எந்தக் கதையிலும் பார்க்கப்போவதில்லை. அம்மா, பாட்டி, மாடு, படம், பழம் என ஐந்து சொற்களை வாசிக்கவோ பத்தே எழுத்துகள் போதும். பத்து எழுத்தில் திறக்கும் கதவை 247 வரை பூட்டி வைப்பது என்ன நீதி?

எழுத்து அட்டையால் கற்றுத்தர முடியாததும் உண்டு. அட்டையில் ‘க’ ஒன்றுதான். கல், பகல், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள்; மூன்று இடத்தில் மூன்று ஒலி. சொல்லுக்குள் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கே இது பிடிபடும். எழுத்துக்கூட்டி மட்டுமே பழகிய பிள்ளை ‘ப... ட்... ட... ம்’ என்று முடிப்பதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. அதே பட்டம் ஒரு கதையில் ஆறு முறை பறந்தால், ஏழாம் முறை கூட்டாமலே வாசிக்கும்.

இது தமிழ்நாடு அறியாத பாடமல்ல. 1990களில் புதுக்கோட்டையில் கிராமத்துப் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் பாடநூல் அகரத்தில் தொடங்கவில்லை. ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கியது. நிலத்துக்காக ஏங்கியவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். குழந்தைக்கு அப்படிக் கனக்கும் சொற்கள் கதையில் இருக்கின்றன.

எழுத்தை ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வது வாசிப்பு ஆகாது. எழுத்துப் பயிற்சி தினமும் நடக்கட்டும். புத்தகமும் அன்றே கைக்கு வரட்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. தடுமாறும் பிள்ளைக்காகவே முதல் படிக்கு ‘நுழை’ என்று பெயர். அந்தப் பிள்ளையிடம் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்ல நாம் யார்?

ஆனாலும் புத்தகங்கள் பல பள்ளிகளில் பீரோவுக்குள் புத்தம் புதிதாகவே இருக்கின்றன. “கிழித்துவிடுவார்கள், இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது?” என்பது தலைமையாசிரியரின் உண்மையான பயம். அதைப் போக்க வேண்டியது அரசு. வாசித்துக் கிழிந்த புத்தகத்தைக் கேள்வியின்றிக் கழிக்கலாம் என்று ஓர் ஆணை போடட்டும். ஆண்டுதோறும் புதியவற்றை அனுப்பட்டும்.

ஆசிரியர் நாளையே தொடங்கலாம். பத்து நிமிடம், வரிக்குக் கீழே விரல் வைத்து, ஒரு கதையை உரக்க வாசியுங்கள். முடிந்ததும் புத்தகத்தைப் பீரோவில் வைக்காமல் பிள்ளைகள் நடுவே வைத்துவிட்டு வாருங்கள். ‘நீங்கள் விரல் வைத்த சொல் எங்கே?’ என்று அவர்களே தேடத் தொடங்குவார்கள். அந்தத் தேடல்தான் வாசிப்பு.