எழுத்துக்களை எண்ணியவர்

ஆங்கிலத்தில் ஏ, ஈ, டி என்று மூன்று எழுத்துக்கள். இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் எத்தனை சொற்கள் வரும்?

"டீ" வரும். அது தேநீர். "ஈட்" வரும். சாப்பிடு என்று பொருள். "ஏட்" வரும். சாப்பிட்டான் என்று பொருள். எழுத்துக்கள் அதே மூன்றுதான். இடம் மாறியது, பொருளும் மாறிவிட்டது!

எஸ், டி, ஓ, பி என்ற நான்கைக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. நில் என்று சொல்லும் "ஸ்டாப்" வரும். தபாலைக் குறிக்கும் "போஸ்ட்" வரும். கறையைக் குறிக்கும் "ஸ்பாட்", பானைகளைக் குறிக்கும் "பாட்ஸ்", பம்பரங்களைக் குறிக்கும் "டாப்ஸ்" எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இப்படிச் சொல் தேடுவதை உலகம் முழுவதும் ஆடும் விளையாட்டாக ஆக்கியவர் ஒருவர். அவர் மொழிப் பேராசிரியர் அல்ல. வேலை இழந்து வீட்டில் இருந்தவர்!

வேலை போயிற்று

அவர் பெயர் ஆல்பிரட் பட்ஸ். நியூயார்க் நகரில் கட்டிடங்களுக்கு வரைபடம் போடும் நிபுணர். 1929-ல் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. அதைத் தொடர்ந்து பெரும் பஞ்ச காலம். புதிதாக வீடு கட்டுவோர் குறைந்து போனார்கள். 1931-ல் பட்சுக்கு வேலை போயிற்று.

சும்மா இருக்க அவருக்கு மனம் இல்லை. ஒரு புதிய விளையாட்டைக் கண்டுபிடிக்க நினைத்தார். பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டார். செய்தியைப் படிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார்! "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் முதல் பக்கம் அப்படி எண்ணப்பட்டது.

எண்ண எண்ண உண்மை தெரிந்தது. எல்லா எழுத்துக்கும் ஒரே வேலை இல்லை. "ஈ" ஓயாமல் வருகிறது. "க்யூ"வும் "இசட்"டும் எப்போதாவது தலை காட்டுகின்றன.

அந்தக் கணக்குப்படியே எழுத்துக் கட்டைகள் அமைந்தன. இன்றும் ஆங்கில "ஸ்கிராபிள்" பெட்டியைத் திறந்தால் 100 கட்டைகள் இருக்கும். அதில் 12 கட்டைகள் "ஈ". அதற்கு மதிப்பு 1 தான். "க்யூ" ஒன்றே ஒன்று. "இசட்" ஒன்றே ஒன்று. ஆனால் ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பு. அரிதாகக் கிடைப்பதற்கு விலை அதிகம்!

"எஸ்" மட்டும் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. நான்குதான் உண்டு. காரணம் என்ன? பெரும்பாலான பெயர்ச்சொற்களோடு "எஸ்" சேர்த்துப் பன்மையாக்கிவிடலாம். நிறைய இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும்.

எப்படித் தேடுவது?

கையில் ஏழு கட்டைகள். பெரிய சொல் தெரிந்தவர்தான் ஜெயிப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்த எழுத்து எதோடு சேரும் என்று தெரிந்தவர் ஜெயிப்பார். ஐ, என், ஜி மூன்றும் கையில் இருந்தால் அவற்றை வால் போல ஒதுக்கி வைக்க வேண்டும். மீதி நான்கில் ஒரு வினைச்சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ, ஆர் இரண்டும் அப்படியே. இரண்டெழுத்துச் சொற்களும் கைகொடுக்கும். ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் வைத்துவிட்டால் 50 அதிக மதிப்பு!

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் பொருள் தெரிய வேண்டியதில்லை. அகராதியில் சொல் இருந்தால் போதும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் பெற்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சொற்களை மனப்பாடம் செய்தே ஜெயித்தார். 2024-ல் ஸ்பானிஷ் மொழியிலும் பட்டம் பெற்றார். பிரமிக்க வேண்டிய மூளைதான். ஆனால் படிக்கும் பிள்ளைக்கு இது வழி ஆகாது. "டீ" என்று கட்டை அடுக்கிவிட்டு, அது தேநீர் என்று தெரியாமல் இருந்தால் என்ன பயன்?

எனவே, வீட்டில் ஆடும்போது ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். சொல்லை வைப்பவர் பொருளையும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டிப் படித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டுமே! எழுத்துப் பிழை விட்ட பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். பட்ஸ்கூட எழுத்துக் கூட்டுவதில் கெட்டிக்காரர் அல்ல. அவரே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

கிடைத்தது என்ன?

பட்சின் விளையாட்டைப் பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதை எடுத்துக்கொண்டு "ஸ்கிராபிள்" என்று பெயர் வைத்தார். 1949-ல் 2,400 பெட்டிகள் செய்தார். 450 டாலர் நஷ்டம்! 1952-க்குப் பிறகுதான் அதிர்ஷ்டம் அடித்தது. பெட்டிகள் லட்சக்கணக்கில் பறந்தன.

பட்சுக்குப் பெட்டிக்குச் சில சென்ட் வீதம் கிடைத்தது. அவர் பெரிய பணக்காரர் ஆகவில்லை. கட்டிட வேலைக்கே திரும்பியிருந்தார். 1993-ல், 93-வது வயதில் காலமானார்.

அவருடைய மனைவி நீனா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டில் இருவரும் கட்டை அடுக்கி ஆடுவார்கள். கண்டுபிடித்தவரே பல தடவை மனைவியிடம் தோற்றுப்போனார்.