விண்ணிற் சேரும் குப்பையும் ஊவாவின் மலைச்சரிவும்

"விண்வெளிக் குப்பையைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன கவலை?" என நண்பரொருவர் வினவினார். லயத்துக் கூரை ஒழுகுகையில் வானத்தைத் துப்புரவாக்க முனைவது பேதைமை என்பது அவர் கட்சி. அதனை நான் மறுக்கிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். அக்குற்றம் மண்ணிலுள்ளோருடையது, எந்தச் செய்மதியும் அதனைத் தீர்த்திராது. ஆயினும், மலையை இடையறாது நோக்கவல்ல கண்கள் இன்று விண்ணிலேயே உள்ளன. ஐரோப்பாவின் சென்ரினல்-1 றேடார்ச் செய்மதிகள் முகிலையும் ஊடுருவி, சரிவு சிறிது சிறிதாக நகர்வதை அளக்க வல்லன. அவற்றின் தரவுகளை எவரும் இலவசமாகப் பெறலாம். அவற்றுள் ஒன்றின் சூரியத் தகட்டை, 2016 ஓகஸ்ட் 23ஆம் திகதி, ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்தில், சில மில்லிமீற்றர் அளவேயான துணுக்கொன்று தாக்கியது. சிதைந்த பகுதியின் அகலமோ ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர்! செய்மதி தப்பியது நற்பேறே. அத்துணுக்கு எவருடையது என எவரும் நிறுவவில்லை.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கைப்படி, விண்பொருள் தரையில் வீழ்ந்து கேடு விளைத்தால் ஏவிய நாடே முழுப்பொறுப்பு. விண்ணில் மோதினாலோ தவறு நிறுவப்படல் வேண்டும். மில்லிமீற்றர்த் துணுக்கிற் கொடியா பொறித்திருக்கும்?

சீனா 2007இல் தன் பழைய வானிலைச் செய்மதியை ஏவுகணையாற் தகர்த்தது. தடங்காணத்தக்க துண்டுகள் மாத்திரம் 3000க்கு மேல். ருஷ்யா 2021இல் தகர்த்ததிற் பிறந்தவை 1500க்கு மேல். அமெரிக்காவும் இந்தியாவும் இவ்விளையாட்டை ஆடியவையே. இவ்வகைச் சோதனைகளைக் கைவிடக் கோரி 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் வாக்களித்தன. அத்தீர்மானமோ எவரையும் கட்டுப்படுத்தாது.

இந்நிலையில், "சர்வதேச ஒத்துழைப்பு" என்பதற்கு அனைவர்க்கும் சமசுமை எனப் பொருளுரைப்போர் உளர். தோட்டத்தில் மேல்மலைக் கான் அடைபட்டாற் புதைவது கீழ்லயம். அதற்காகக் கீழ்லயத்தாரிடமா கூலி கேட்பது? 2019இல் விண்ணில் விடப்பட்ட, ஒரு கிலோகிராம் அளவிலான நம் இராவணா-1 எரிந்தழிந்துவிட்டது. சிதறடித்தவர் சிதறடித்த அளவிற்கேற்பத் துப்புரவுச் செலவை ஏற்கட்டும். துண்டுகளின் தடங்களை மறையாது பகிரட்டும். சோதனைத் தடை கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாகட்டும். விண்வெளி ஆயுதப் போட்டிக்கு எதிரான பிரேரணையை எகிப்துடன் சேர்ந்து பல்லாண்டுகள் ஐ.நா.வில் முன்வைத்த இலங்கை, இம்மூன்றையும் அங்கே வாய்விட்டுக் கேட்கத் தயங்குவதேன்?