சுவடியும் சுருள்வில்லும்

ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக நடந்த உ. வே. சாமிநாதையரை நம் வகுப்பறைகள் போற்றுகின்றன. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்து அளித்திராவிடில், தமிழன் தன் பழம்பெருமை பேச வாயற்றிருப்பான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது தகும். ஆனால், அதே பொறுமையோடும் அதே கண்கூர்மையோடும், துருவேறிய பழம்பொறி ஒன்றைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, மீண்டும் இயங்கச் செய்கிறவனுக்கு நாம் தரும் பெயர் என்ன? 'வேலையற்றவன்' என்கிறோம். சற்று இரங்கினால், 'படிப்பு ஏறவில்லை, கைவேலைக்குப் போய்விட்டான்' என்கிறோம். ஏட்டை மீட்டவன் அறிஞன். இரும்பை மீட்டவன் பட்டறைக்காரன்! இந்த இரட்டை அளவுகோல் பொய்யானது. அதனை நம் பள்ளிகளிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

வழக்கை எளிதாக்க விரும்பினால், பழைய வானொலிப் பெட்டியையோ சுவர்க் கடிகாரத்தையோ சான்றுக்கு எடுத்திருக்கலாம். எவரும் மறுத்திரார். ஆகவேதான் கடினமான சான்றை எடுக்கிறேன்: பழைய காற்றுத் துப்பாக்கிகளைப் புதுக்கிச் சீர்செய்யும் பொழுதுபோக்கு. பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்போர் உண்டு. அந்தச் சுளிப்பில் நியாயம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம்.

இத்துப்பாக்கிகளின் வரலாற்றில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்குப் பேரிடம் உண்டு. அங்கே 1861-இல் தோன்றிய பி.எஸ்.ஏ. நிறுவனம், லிங்கன் ஜெஃப்ரீஸ் என்னும் துப்பாக்கிக் கைவினைஞர் வகுத்த அமைப்பைக் கொண்டு 1905-இல் காற்றுத் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கியது. அதே நகரின் வெப்ளி நிறுவனமும், 1890-இல் தொடங்கப்பெற்று ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 'டயானா' துப்பாக்கிகளைச் செய்த நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை. நூறாண்டு கடந்த துப்பாக்கி ஒன்று, துரு நீக்கி, தோல் வளையம் மாற்றினால் இன்றும் இயங்கும். செய்தவன் மறைந்தான், செய்நேர்த்தி மறையவில்லை.

அதன் உள்ளே வெடிமருந்து இல்லை. இருப்பது பள்ளிக்கூடத்து இயற்பியலே. நெம்புகோலை இழுக்கும்போது உருளைக்குள் இருக்கும் சுருள்வில் அமுங்குகிறது. விசையை இழுத்ததும் அவ்வில் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. நெருங்கிச் சூடேறிய காற்று சிறிய ஈயக் குண்டைக் குழல்வழியே உந்துகிறது. அரைக் கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 10 ஜூல். கரும்பலகையில் எழுதி மாணவனை உருப்போடச் செய்யும் அதே கணக்கு, இங்கே எஃகும் தோலுமாகக் கண்முன் நிற்கிறது.

பழந்துப்பாக்கிகளில் பிஸ்டனின் தலையில் இருப்பது தோல் வளையம். அது உலர்ந்து சுருங்கினால் காற்று கசியும். குண்டு தளர்ந்து விழும். எண்ணெயில் ஊறவைத்துத் தோலை மீண்டும் நெகிழச் செய்ய வேண்டும். எண்ணெய் மிகுந்துவிட்டாலோ, நெருக்குண்ட காற்றின் வெப்பத்தில் அது டீசல் எஞ்சினில் நிகழ்வதுபோல் தீப்பற்றி, வளையத்தையும் வில்லையும் கெடுக்கும். மூடியை உரிய பிடிகருவி இல்லாமல் கழற்றினால், அமுங்கியிருக்கும் வில் பாய்ந்து கையை முறிக்கும். குண்டு இல்லாமல் சுட்டால், மெத்தையாக நிற்க வேண்டிய காற்று தப்பிவிட, பிஸ்டன் உருளையின் முகப்பில் மோதிச் சிதையும். இத்தனையும் அறிந்து, அளந்து, காத்திருந்து செய்பவனைப் 'படிப்பு ஏறாதவன்' என்பது எந்த ஊர் நீதி?

'சீர்செய்தல்' என்றால் வேகத்தைக் கூட்டுதல் என்று நினைப்போர் உண்டு. இத்துறையில் தேர்ந்தோர் அவ்வாறு கருதுவதில்லை. இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல். வரம்பை மீறுவது குற்றம். நல்ல சீர்வினைஞன் நாடுவது வேகத்தை அன்று, ஒழுங்கையே. பத்துக் குண்டுகளும் ஒரே வேகத்தில் செல்கின்றனவா என்று வேகமானியில் பார்க்கிறான். வில்லுக்கும் அதன் உட்தண்டுக்கும் இடையே உள்ள தளர்ச்சியைக் குறைத்து அதிர்வை அடக்குகிறான். உறுப்புகளின் கூர்விளிம்புகளை மழுக்குகிறான். அவன் தேடுவது அடக்கம்.

மீட்பிலும் அவனுக்கு ஓர் அறம் உண்டு. குழலின்மேல் பொறித்த எண்ணையும் முத்திரையையும் அரத்தால் தேய்த்துவிட்டு மினுக்குவது இத்துறையில் பெரும்பிழை. மரப்பிடியின் பழந்தழும்புகளை வழித்தெடுப்பதும் அதே குற்றம். இதற்கு நிகர் எங்கே? பதிப்புக் கலையிலே! புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர் தாமே இரண்டு பாடல் புனைந்து அவ்விடத்தை நிரப்பினாரா? இல்லை. இல்லாததை இல்லையென்றே விட்டார். உள்ளதற்குப் பாடவேறுபாடு காட்டினார். முன்னோன் செய்ததைத் தன் விருப்பத்துக்கு வளைக்காத அந்த நேர்மை, சுவடிக்கும் சுருள்வில்லுக்கும் பொது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். 'எதுவாயினும் அது ஆயுதமே' என்பது முதல் மறுப்பு. இம்மறுப்பை நான் இலேசாக எண்ணவில்லை. துப்பாக்கி என்னும் சொல்லின் எடையைப் பேராக் மண்ணில் வாழ்ந்தோர் நன்கறிவர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பெற்று 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். வைத்திருந்தது என்ற ஒன்றே உயிர்க்குற்றமாயிருந்த காலம் அது.

இன்றும் மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், காற்றுத் துப்பாக்கியையும் அதன் உறுப்புகளையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். பழுதுபார்க்கும் தொழிலும் அதே சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விதிகள், 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதில்லை. அங்கே உறவினர் வீட்டில் கண்டதை இங்கே செய்யலாகாது. தோட்டத்துப் பழம்பொருள்களிடையே துருப்பிடித்த துப்பாக்கி கிடந்தால், அதைத் தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோவதன்று, காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே மாணவன் செய்யத்தக்கது. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், சட்டம் தடுப்பது உரிமமில்லாத உடைமையை, அறிவை அன்று. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி இடம்பெற்றது. 2008-இல் பெய்ஜிங்கில் அதே போட்டியில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றார். 2012-இல் லண்டனில் நம் நாட்டு நூர் சூர்யானி எட்டு மாதக் கருவைச் சுமந்துகொண்டு அப்போட்டியில் பங்கேற்றார். அந்தத் தாயின் கையிலிருந்த கருவியை வன்முறையின் சின்னம் என்பார் உண்டோ? உரிமமும் ஒழுக்கமும் உள்ள இடத்தில் அது விளையாட்டு. இவை இல்லாத இடத்தில் தையல் ஊசியும் ஆயுதமே.

இரண்டாம் மறுப்பு: 'அது துரைமாரின் விளையாட்டுப் பொருள், தோட்டத் தமிழனுக்கு அதில் என்ன உறவு?' உறவு உண்டு. எந்திரம் துரையுடையது, அதனை ஓடவைத்த கை யாருடையது? பால்வெட்டும் உளியின் கூர்மையை விரல்நுனியில் சோதித்தவரும், பால் உறைவதன் பக்குவம் அறிந்து உருளையில் தகடாக இழுத்தவரும், எஞ்சினின் ஓசை மாறினாலே பழுது எங்கே என்று உரைத்தவரும் நம் பாட்டன்மார். அவ்வறிவுக்குச் சான்றிதழ் இல்லை, நூல் இல்லை, பாடத்திட்டம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நிலத்தைக் காக்க 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலத்துக்கு ஒரு சங்கம் பிறந்தது. கையறிவுக்கு எச்சங்கம் பிறந்தது? ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் வெறிச்சோடின, உளியைத் தீட்டிய முறை அக்கையோடு எரிந்து சாம்பலாகிறது.

ஈப்போவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் கட்டப்பெற்று 1982 வரை ஈயம் வாரிய கப்பல் ஒன்று பாதுகாக்கப்பட்டுள்ளது. அதன் எடை 4,500 டன். அதுவும் அந்நிய முதலாளிகள் கட்டியதே. அதைக் காப்பது அடிமைப்புத்தி என்று எவரும் சொல்லவில்லை. 4,500 டன் இரும்புக்கு ஒரு நீதி, நாலு கிலோ இரும்புக்கு வேறு நீதியோ?

மூன்றாம் மறுப்பே என்னை மிக வருத்துவது. ஏனெனில் அது நம் ஆசிரியர் அறைகளிலிருந்து எழுகிறது. 'தேர்வுக்கே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது?' என்கிறார்கள். கேள்வி நேரத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது மதிப்பைப் பற்றிய தீர்ப்பு. புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளை ஒரே நிரலில் வைக்கிறார். கொல்லனை வேந்தனுக்கு முன்னே நிறுத்தியிருக்கிறார். அப்பாடலுக்குப் பதவுரை எழுதச்சொல்லி மதிப்பெண் இடும் நாம், வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து மிதிவண்டிச் சங்கிலியைக் கண்மூடி மாட்டும் சிறுவனை 'உருப்படாதவன்' என்கிறோம். தொழிலை வைத்து மனிதனைத் தாழ்த்திய நோயைக் கப்பலேறும்போது பாட்டன்மார் துறந்திருக்கலாம். நாம் அதைச் சான்றிதழின் பெயரால் மீண்டும் வளர்க்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கட்டுரை எழுதச் சொல்வதும் நாமே. சுரைக்கொடி நடுகிறவனை இகழ்வதும் நாமே!

ஆசிரியப் பெருமக்களே! காற்றுத் துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை; அது உரிமம் பெற்ற பெரியோரின் துறையாகவே இருக்கட்டும். அத்துறை கற்பிக்கும் ஒழுக்கத்தைக் கொண்டுவாருங்கள். பள்ளிதோறும் பழுதுபார்க்க ஒரு மேசை இடுங்கள். அதன்மேல் ஓடாத தையல் எந்திரமும், பேசாத வானொலியும், நின்றுபோன கடிகாரமும் வரட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, திருகாணிகளை வரிசைப்படுத்தி, பிரித்த முறையைக் குறிப்பேட்டில் எழுதி, மீண்டும் பூட்டப் பழகட்டும். தோட்டத்து முதியோரை அழைத்து வந்து, அவர்தம் கருவிகளின் பெயர்களையும் அவற்றைத் தீட்டிய முறைகளையும் மாணவரைக் கொண்டு எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதிய குறிப்பேடு ஒவ்வொன்றும் நாளைய பதிப்பாசிரியனுக்கு ஒரு சுவடி.

மாணவர்களே! நூலைக் கற்ற கை, கருவியைத் தொட்டால் தாழாது. கருவியைக் கற்ற கை, நூலைத் தொடத் தயங்கவும் வேண்டாம். இரண்டையும் தொடுகிற கையே இந்த மண்ணில் நமக்கு இனித் தேவைப்படும் கை.