அத்திப்பள்ளியில் செல்லாது, ஓசூரில் செல்லும்

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் கிலியட் என்றொரு நாடு வருகிறது. அங்கே ஒரே நாளில் பெண்களுக்கு வேலை போகிறது. அவர்களின் வங்கிக் கணக்கு முடங்கி, பணம் கணவன் பேருக்கோ நெருங்கிய ஆண் உறவினர் பேருக்கோ மாறுகிறது. பிள்ளை பெற்றுத் தருவதற்காகப் பெண்களை வீடு வீடாகப் பங்கிடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மனிதர்கள் எங்கேயாவது எப்போதாவது செய்யாத எதையும் இதில் எழுதவில்லை என்று அட்வுட் பலமுறை சொல்லியிருக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்து படிப்பவர்கள் அதை உடனே நம்பிவிடுவார்கள்.

2025 மார்ச்சில் பரவிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதே மாவட்டத்தின் அஞ்செட்டி மலைப்பக்கம். 14 வயதுப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவள் கதறுகிறாள். தூக்கிப் போகிறவன் அவளுக்குப் ‘புருஷன்’. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பிள்ளையை, பெங்களூருவில் வைத்து அவனுக்குக் கட்டிவைத்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தவளைத்தான் அப்படித் தூக்கினார்கள். வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகு கைது நடந்தது. கைதானவர்களில் அவளைப் பெற்றவளும் உண்டு. கிலியடிலும் பெண்களை அடக்கிவைக்கும் வேலையைப் பார்ப்பது பெண்கள்தான். அவர்களுக்கு ‘அத்தைகள்’ என்று பெயர்.

அந்த மலையை விட்டு இறங்கி, தேன்கனிக்கோட்டை தாண்டி ஓசூர்ப் பக்கம் வந்தால், ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, காதில் போன், தோளில் டிபன் பை என்று பெண்கள் திமுதிமுவென்று ஏறுவார்கள். பெண்கள் இரவில் ஆலையில் வேலை பார்க்கக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் இந்தப் பஸ்களில் பாதி ஓடாது.

இங்கேயும் சொர்க்கம் இல்லை. 2025 நவம்பரில், இந்த மாவட்டத்திலேயே ஒரு பெரிய மின்னணு ஆலையின் பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தது. ஆனால், அன்று விடுதிப் பெண்கள் திரண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகளும் போலீசும் அவர்களைத் தேடி வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மலையில் கதறியவளுக்கு இந்தக் கூட்டமும் கிடையாது, கையில் சம்பளமும் கிடையாது. கிலியட்காரர்கள் முதலில் ஏன் வேலையிலும் வங்கிக் கணக்கிலும் கை வைத்தார்கள் என்பது இங்கே புரிகிறது.

இந்தத் தமிழக-கர்நாடக எல்லையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கர்நாடகம் 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அங்கே நடக்கும் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அந்தப் பக்கத்து எல்லை ஊரான அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் வந்தால் சட்டம் வேறு. கடத்தியோ ஏமாற்றியோ விற்றோ செய்த கல்யாணம் செல்லாது. மற்றபடி, அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யும்வரை செல்லும். அதையும் மேஜராகி இரண்டு வருஷத்துக்குள் செய்தாக வேண்டும். ஏழாவதோடு நின்ற பிள்ளை எந்தக் கோர்ட்டைத் தேடிப் போவாள்? கர்நாடகத்தின் வழியை மற்ற மாநிலங்களும் பின்பற்றுவது நல்லது என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லியாகிவிட்டது.

சட்டம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அஞ்செட்டிப் பெண்ணுக்குத் தாலி கட்டியதே கர்நாடக மண்ணில்தான். ஆனாலும், ‘கட்டியாச்சு, இனி என்ன செய்வது’ என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, ‘கட்டியதே செல்லாது’ என்று பதில் சொல்ல ஒரு சட்டம் கையில் வேண்டும். தமிழக அரசு அந்த ஒற்றை வரித் திருத்தத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டும். எட்டாவதுக்கு மேல் படிக்க மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸும் விடுதியும் வேண்டும். அதுவரை, பதினெட்டு நிறையாத பெண்ணுக்குப் பத்திரிகை அடித்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால், வீடியோ எடுக்கக் காத்திருக்காதீர்கள். 1098க்குப் போன் போடுங்கள்.